லித்தியமும் எங்கள் வளவுக் கிணறும்

கிணற்றடிக் கல்லின் மேல் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் இரண்டு இருக்கின்றன. விடிந்ததும் இரண்டையும் நிரப்புகிறேன். படுக்கப் போகுமுன் இரண்டும் வெறுமையாகிவிட வேண்டும். லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கி இன்று 38 நாட்கள்.

எனக்கு இருமுனைக் கோளாறு, மனம் சில காலம் கட்டுக்கடங்காமல் எழும்பி, சில காலம் அடியோடு விழுந்துவிடும் நோய். 2019 ஐப்பசியில் ஐந்து நாட்கள் உறங்காமல், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து 120 தென்னங்கன்றுகள் வாங்கி வந்தேன். லாம்பு வெளிச்சத்தில், கொட்டும் மழையில், சாமம் சாமமாகக் குழி வெட்டினேன். உடம்பு அலுக்கவே இல்லை. முல்லைத்தீவு முழுவதையும் தென்னஞ்சோலை ஆக்கிவிடுவேன் என்று நம்பினேன். தை பிறந்ததும் மழையும் நின்றது, நானும் விழுந்துவிட்டேன். நான்கு மாதங்கள் பாயை விட்டு எழவில்லை. பத்தடி தூரத்தில் கிணறு இருந்தும் ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்ற என்னால் முடியவில்லை. கன்றுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்ததை யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். 43 தப்பின. அவற்றுக்கும் தண்ணீர் விட்டவள் மனைவிதான்.

அதன்பின் ஒலன்சபின் என்ற மருந்தைத் தந்தார்கள். உறக்கம் வந்தது, உடம்பும் பெருத்தது. நடுவில் நானாகவே நிறுத்தினேன். போன மார்கழியில் மறுபடியும் உறக்கம் போனபோது, டொக்டர் லித்தியம் பற்றிப் பேசினார்.

அம்மா உடனே மறுத்தார். ‘விசர்க் குளிசை’ என்று ஊர் சொல்லும் என்பதல்ல அவருடைய பயம். அது எங்கள் வீட்டுக்குப் பழகிவிட்டது. அவர் பயந்தது சிறுநீரகத்துக்கு. வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் எத்தனை கமக்காரர்கள் விழுந்திருக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் பெரியப்பாவின் மகன் இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைந்ததை அம்மா கண்ணால் பார்த்தவர்.

டொக்டர் அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. நீண்ட காலம் எடுத்தால் லித்தியம் சிலருக்குச் சிறுநீரகத்தையும் தைரொயிட் சுரப்பியையும் பாதிக்கலாம், அதனால்தான் தொடங்குமுன்னும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் இரத்தம் பார்க்கிறோம் என்றார். பிறகு அம்மாவுக்கு விளங்கும்படி, “இதுவும் ஒரு உப்புத்தான் அம்மா. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது அது நஞ்சாகிவிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாதிருந்த அம்மா, “தென்னம்பிள்ளைக் குழிக்கும் உப்புப் போட்டுத்தானே நடுகிறோம்” என்று மட்டும் சொன்னார். அது சம்மதம் என்று எனக்கு விளங்கியது.

இந்த மருந்தின் கதையைத் தேடி வாசித்தேன். 1949இல் இதன் பயனை எழுதி வெளியிட்டவர் ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் முட்கம்பிகளுக்குள் இருந்தவன் நான். இதை வாசித்த இரவு, கையிலிருந்த குளிசையை வேறுவிதமாகப் பார்த்தேன்.

250 மில்லிகிராம் குளிசைகள் இரண்டு, இரவு எட்டு மணிக்கு. ஒரு வாரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தால்தான் கணக்குச் சரிவரும் என்பதால் காலை எட்டு மணிக்கே அங்கே நின்றேன். எனக்கு இரத்தத்தில் லித்தியத்தின் அளவு 0.6க்கும் 0.8க்கும் இடையில் இருக்க வேண்டுமாம். 0.4 என்று வந்தது. மூன்று குளிசைகளாக்கினார்கள். அடுத்த முறை 0.7. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த அந்த எண்ணை மனைவி இரண்டு தரம் வாசித்தாள்.

தாகம் எடுக்கிறது. வாயில் செப்புக்காசு வைத்ததுபோல ஒரு சுவை. கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் என் எழுத்து இலேசாக நடுங்குகிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி வயிற்றோட்டம் நிற்காமல் போனாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளைக் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

போன கிழமை வரம்பு கட்டியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடை ஒன்றில் கேட்டதும் டைக்குளோபினக் என்ற வலிக் குளிசையை எடுத்துத் தந்தார்கள். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, கடையில் தெரிந்த முகங்கள் நின்றன. கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து மனைவிதான் தடுத்தாள். டைக்குளோபினக், இபுபுரோபன் போன்றவை லித்தியத்தின் அளவை உயர்த்திவிடும். பனடோல் போதுமாக இருந்தது. லித்தியம் எடுப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், கடையில் வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

இப்போது வைகாசி. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்தாயிற்று. முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கு எரிகிறது. திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். ஒவ்வோர் ஆண்டும் பச்சைத் தண்ணீரும் குடியாமல் விரதமிருந்து, கொதிக்கும் வீதியில் காவடி எடுத்து நடப்பவன் நான். இந்த ஆண்டு அது ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாட்கள் தவித்தேன்.

சொன்னபோது அவர் முற்றத்தில் பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “கடல் தண்ணீரில் விளக்கு எரிக்கிறவள், என் பிள்ளை ஒரு மிடறு தண்ணீர் குடித்ததற்கா கோபிப்பாள்? நீ நட தம்பி, போத்தலை நான் கொண்டு வருகிறேன்” என்றார்.