மணல் மலை, ஊற்றுத் தண்ணீர், மல்லிகை நாற்று

ராமேஸ்வரம் தீவில் மலை இருக்கிறது என்றால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். தீவிலேயே உயரமான இடமான கந்தமாதன பர்வதம் ஒரு பெரிய மணல்மேடுதான். கோயிலுக்கு வடக்கே, ஆட்டோவில் போய்விடலாம். வருகிறவர்கள் உச்சி மண்டபத்தில் ராமர் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். மேல்தளத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பனை, தென்னை, தலை தட்டையான குடைவேல மரங்கள், அப்பால் கடல்.

ஆறே இல்லாத தீவில் இத்தனை பச்சை எப்படி? பதில் மணலுக்கு அடியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அவ்வளவுதான். அளவோடு இறைத்தால் கிடைக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும்.

தனுஷ்கோடியில் குடிசைக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்று வைத்திருக்கிறார்கள். கடல் கூப்பிடு தூரம். குடத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம், "உப்புக் கரிக்காதாக்கா?" என்றேன். "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி" என்று செம்பை நீட்டினார். கரிக்கவில்லை. நான் காசு கொடுத்து வாங்கியிருந்த பாட்டில் தண்ணீரைவிட நன்றாகவே இருந்தது.

1964 டிசம்பர் புயல் இந்த ஊரை அழித்தது. ரயில் நிலையம், தேவாலயம் இவற்றின் சுவர்கள்தான் மிச்சம். அங்கே செல்ஃபி கூட்டம். எனக்கு ஊற்றுதான் பெரிதாகப் பட்டது. அரசு வாழத் தகுதியில்லை என்று சொன்ன இடத்தில் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து தங்க முடிந்ததென்றால், அந்தத் தண்ணீர் இல்லாமல் நடந்திருக்காது. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தெற்கே அலை கொந்தளிக்கும், வலை வடகரைக்குப் போகும். வாடை வந்தால் நேர்மாறு. இரண்டு கடலுக்கும் நடுவில் குடியிருப்பதில் அப்படி ஒரு வசதி.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தில் இறங்காமல் வராதீர்கள். அங்கே தென்னை நிழலில் பாத்தி பாத்தியாக மல்லிகை நாற்றுகள். குச்சியை வெட்டி மணலில் ஊன்றி, விடாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். இறுகாத மண்ணாதலால் வேர் தாராளமாக ஓடுகிறது, பிடுங்கும்போது அறுவதில்லை. மதுரை மல்லி என்று நாம் கொண்டாடுகிறோமே, அந்தத் தோட்டங்களுக்கும் நாற்று இங்கிருந்துதான் போகிறது. பூவுக்குக் கிடைத்த பேரில் கொஞ்சம் இந்த ஊருக்கும் கொடுத்திருக்கலாம்.

போவதானால் தை, மாசியில் போங்கள். வெயில் தாங்கும், கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகளும் நிற்கும். சித்திரை முதல் தேதியையொட்டி, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது போய்விட்டு மீன் குழம்பு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.