புளியங்கொட்டையும் குவாண்டம் கம்பியும்: ஒரு நேர்முகத் தேர்வு அனுபவம்

முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில், "உங்களுக்குப் பிடித்த பகுதி எது?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. தருமபுரியில் முதுநிலை இயற்பியல் படித்த நான், மிக மெல்லிய குவாண்டம் கம்பிகளில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதத்தை அதற்கென்று தயார் செய்துகொண்டு போனேன். முதல் முறை தோற்றேன். மறு ஆண்டு வேறோர் இடத்தில் இதே பகுதியைச் சொல்லித்தான் தேர்வானேன். இடைப்பட்ட காலத்தில் என் படிப்பில் மாறியதைச் சொல்கிறேன்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன் எண்ணைக் கையால் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இருமடியைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து, எலக்ட்ரானின் மேல், கீழ் என்ற இரண்டு தற்சுழற்சி (ஸ்பின்) நிலைகளுக்காக இரண்டால் பெருக்கினால் 77.5 மைக்ரோ சீமென்ஸ் வரும்; சீமென்ஸ் என்பது மின்கடத்துத்திறனின் அலகு. அதன் தலைகீழ் சுமார் 12,906 ஓம். 1988இல் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இரு குழுக்கள், காலியம் ஆர்சனைடு அமைப்பில் எலக்ட்ரான் செல்லும் பாதையை மிகவும் ஒடுக்கியபோது, மின்கடத்துத்திறன் இந்த அளவுள்ள படிகளாகவே ஏறி இறங்கியது.

இதுவரை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எடுத்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. முப்பரிமாண உலோகத்தில் எலக்ட்ரான் பக்கவாட்டில் விலகிப் போகலாம். மெல்லிய கம்பியின் ஒற்றைப் பரிமாணத்தில் ஒன்று நகர வேண்டுமானால் வரிசை முழுவதும் நகர வேண்டும். தனி எலக்ட்ரான் என்ற பேச்சே அங்கு எடுபடாமல், கூட்டு அலைகளே மிஞ்சுகின்றன. இயற்பியலாளர்கள் டோமோனாகா 1950இலும் லட்டிங்கர் 1963இலும் தொடங்கிய இந்தக் கணக்குக்கு 'லட்டிங்கர் திரவம்' என்று 1981இல் பெயரிட்டவர் ஹால்டேன்.

மின்னூட்டமும் தற்சுழற்சியும் பிரிந்து செல்லும் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஆயா வீட்டுத் திண்ணையில், தாயம் ஆடுவதற்காக ஒருபக்கம் தேய்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு கொட்டையும் ஓர் எலக்ட்ரான், நிறம் அதன் தற்சுழற்சி என்று வைத்துக்கொண்டு, கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி ஒரே வரிசையில் அடுக்கி, நடுவில் ஒரு வெள்ளையை எடுத்துவிடுங்கள். வலப்பக்கத்துக் கறுப்பை அந்தக் காலியிடத்துக்குத் தள்ளினால், இரண்டு கறுப்புகள் ஒட்டி நிற்கும். காலியிடமோ ஓர் இடம் வலப்புறம் போயிருக்கும். தொடர்ந்து தள்ளத் தள்ளக் காலியிடம் விலகிச் செல்லும், அந்தக் கறுப்பு இணை நின்ற இடத்திலேயே நிற்கும். காலியிடம் மின்னூட்டம், இணை தற்சுழற்சி. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் செல்வதற்கான தடயத்தை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் சோதனையில் காட்டினார்கள்.

நான் சறுக்கியது வேறிடத்தில். எலக்ட்ரான்களுக்கிடையே விலக்கு விசை இருந்தால், அதன் வலிமையைக் குறிக்கும் லட்டிங்கர் அளபுரு என்ற எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஆகவே படியின் உயரமும் அதே விகிதத்தில் குறையும் என்று பெருமையாகச் சொன்னேன். "அளந்தவர்களுக்கு அப்படிக் கிடைத்ததா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். வாயடைத்துப் போனேன். கம்பியின் இரு முனைகளும் அகலமான இணைப்புகளில் போய்ச் சேர்கின்றன. அங்கே எலக்ட்ரான்கள் சாதாரணமாகத்தான் நடந்துகொள்கின்றன. குறையில்லாத கம்பியின் நேர்மின்னோட்டக் கடத்துத்திறனை அந்த இணைப்புகளே தீர்மானிப்பதால் படி குறைவதில்லை என்று 1995இலேயே கோட்பாட்டாளர்கள் காட்டியிருந்தார்கள். விலக்கு விசையைக் காண, எலக்ட்ரான் ஒரு தடையை ஊடுருவிக் கம்பிக்குள் நுழைவதை அளக்கும் ஊடுருவல் சோதனைக்குப் போக வேண்டும்: 1999இல் கார்பன் நானோகுழாய்களில், வெப்பநிலை குறையக் குறையக் கடத்துத்திறன் அடுக்கு விதிப்படி, அதாவது வெப்பநிலையின் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு ஏற்ப, விழுவது அளக்கப்பட்டது. பாடக்குறிப்புகளில் விடுபடும் இந்த இணைப்புகளைப் பற்றித்தான் கேள்வி வரும்.

மறு ஆண்டு என்னைக் கேட்டது, முதல் படிக்குக் கீழே 0.7 மடங்கில் தென்படும், 1996இல் விரிவாக ஆராயப்பட்ட சிறு தோள்பட்டையைப் பற்றி. தற்சுழற்சி தானாகவே ஒருபுறம் சாய்வதாக ஒரு சாராரும், கோண்டோ விளைவு (ஓரிடத்தில் சிக்கிய தற்சுழற்சியைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைப்பது) என்று இன்னொரு சாராரும் சொல்வதை இரு பக்கமும் வைத்தேன். எதிரில் அமர்ந்திருப்பவர் எந்தக் கட்சி என்று நமக்குத் தெரியாதல்லவா?