ஸ்பீச் பத்தாலஜி மாஸ்டர்ஸ்: இரண்டாவது முறையில் இடம் கிடைத்தது எப்படி

நேற்று இரவு மெயில் வந்தது. அமெரிக்காவில் ஸ்பீச் லாங்குவேஜ் பத்தாலஜி (பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்கான சிகிச்சை) மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன வருடம் போட்ட ஆறு இடங்களிலும் மறுத்துவிட்டார்கள். மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த முறை துறையில் யார் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுதினேன். சிஎஸ்டிகேஸ் என்ற பொது ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்புவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

போன வருடம் எனக்கு வழி சொன்னவர் பொறியியலில் பிஎச்டி செய்யும் ஓர் அண்ணா. "துறைத் தலைவரோட ஆராய்ச்சியைப் படி, எஸ்ஓபியை (விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரை) அதை வச்சு எழுது" என்றார். பிஎச்டிக்கு அது சரி. அங்கே ஒரு வழிகாட்டி உங்களைத் தேர்ந்தெடுக்கிறார். மாஸ்டர்ஸில் சேர்க்கைக் குழு முடிவு செய்கிறது. நான் மிகவும் ஆசைப்பட்ட துறையின் தலைவர் காக்லியா (உட்காதில் ஒலியை உணரும் உறுப்பு) ஆய்வாளர். எனக்கு வேண்டியதோ அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் மொழி இழப்பு) சிகிச்சை. இருந்தும் அவர் ஆய்வைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். மறுப்பு வந்தபிறகு துறையின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தலைவர் இடத்தில் வேறு பெயர், பக்கத்தில் 'இன்டெரிம்' (தற்காலிகம்). அன்று அழுதுவிட்டேன்.

யார் யார் என்று இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- துறைத் தலைவர்: பட்ஜெட், ஆள் நியமனம், டீனோடு பேச்சு. பல இடங்களில் பேராசிரியர்களுக்குள் சுற்றி வரும் பதவி. மொழியியல்காரராகக்கூட இருக்கலாம்.
- புரோகிராம் டைரக்டர்: இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஏஏ அமைப்புக்குப் பதில் சொல்பவர். இந்தத் துறையிலேயே முதுநிலையாவது முடித்து, முழுநேரப் பணியில் இருக்க வேண்டும். சில இடங்களில் தலைவரே இவர்.
- கிளினிக் டைரக்டர்.

இந்த மூன்றாமவரைத்தான் நான் போன வருடம் கண்டுகொள்ளவே இல்லை. ஆஷா (அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சங்கம்) சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும்; 25 பார்வையிடல், 375 நேரடிச் சிகிச்சை. அந்த 375-ஐ எந்தப் பள்ளியில், எந்த மருத்துவமனையில், யாருடைய மேற்பார்வையில் முடிப்பீர்கள் என்பதைப் பெரும்பாலும் இவரும் இவர் குழுவும்தான் ஏற்பாடு செய்கிறார்கள். பிஎச்டி இல்லாமல், பல வருடம் நோயாளிகளோடு வேலை செய்து வந்தவர்களே இங்கு அதிகம். அதனால் இவர்கள் பெயர் துறையின் இணையப் பக்கத்தின் அடியில் கிடக்கும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இந்தத் தொழிலில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்கள். ஆனால் நான் பார்த்த துறைகளில் மேலே போகப் போக ஆண்களின் பெயர் கூடியது. அடியில் இருந்த கிளினிக் டைரக்டர்கள் எல்லாருமே பெண்கள்.

இந்த வருட நேர்காணலில் கேள்வி கேட்டது அந்தத் துறையின் கிளினிக் டைரக்டர்தான். சிகிச்சை பலிக்காத ஒரு தருணத்தைச் சொல்லச் சொன்னார். இன்டர்ன்ஷிப்பில், அஃபேசியா வந்த ஒரு தாத்தாவிடம் அட்டைப்படங்களை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் அட்டையை வைத்துவிட்டு அவர் பேரன் பெயரில் தொடங்கினோம். அதைச் சொன்னதும் அடுத்தடுத்து நான்கு கேள்விகள் வந்தன. ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அப்புறம் இவற்றையும் பாருங்கள்:

- 'இன்டெரிம்', 'ஆக்டிங்' என்று இருந்தால் எஸ்ஓபியில் அந்தப் பெயர் வேண்டாம்.
- அங்கீகாரம் முழுதா, 'கேண்டிடேட்' (இன்னும் முழு அங்கீகாரம் பெறாத புதுப் படிப்பு) நிலையா?
- பிராக்ஸிஸ் (இந்தத் தொழிலுக்கான தேர்வு) தேர்ச்சி, படிப்பை முடித்தவர்கள் விகிதம்: மூன்று வருடக் கணக்கைத் துறையே வெளியிட வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.
- ஆடியாலஜிக்குப் (செவித்திறன் சிகிச்சை) போகிறவர்களுக்கு அது முனைவர் படிப்பு, அதன் டைரக்டர் பெரும்பாலும் வேறு ஆள்.

எனக்குப் போனில் பேச வராது. அதனால் கிளினிக் டைரக்டர்களுக்கு இரண்டே வரி மெயில் போட்டேன்: வெளிநாட்டு மாணவர்களுக்கு வெளிப் பயிற்சி இடம் பிடிப்பதில் என்ன சிக்கல் வருகிறது? மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவருடைய துறைக்குத்தான் இப்போது போகிறேன்.