கணக்குப் பாடத்தில் ஒரு குளம்

நிலைத்த வளர்ச்சி பற்றிய கல்வியைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், இதற்கும் ஒரு தனிப் புத்தகம் வந்துவிடுமோ என்றுதான் ஓர் ஆசிரியனாக நான் அஞ்சுகிறேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கப் பணித்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமோ அதைத் தனியே ஒதுக்காமல் எல்லாப் பாடங்களிலும் இழையோட விடச் சொன்னது. நடைமுறையில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நடும் மரக்கன்றுதான். குற்றாலத்தில் சாரல் விழும் அந்த நாட்களில் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் வறண்ட காற்றே வீசும். எங்களுக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். கன்று பிழைக்க வேண்டுமானால் விழாவைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் கன அளவு சொல்லித்தரும்போது தொட்டிக்குப் பதிலாக ஊர்க் குளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வண்டல் படிந்தால் 30 லட்சம் லிட்டர் நீருக்கான இடம் போய்விடும் என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுக் கண்டுவிட்டால், தூர்வாருவது எதற்கென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்ததாக, குளம் நிரம்பி மறுகால் பாயும் நீர் எந்தக் குளத்துக்குப் போகிறது, அந்த ஓடை இன்று எவ்வளவு அகலம் இருக்கிறது என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இராது.

வேதியியலுக்குப் பறவைகள் வந்து தங்கும் கூந்தன்குளம் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாவதற்கு அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசுமே காரணம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படும் முன்பே ஊரார் அந்தப் பறவைகளைக் காத்து வந்தார்கள். சமூக அறிவியலில், தாமிரபரணியின் தலை அணைக்கட்டுக்கும் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே பல வகுப்புகளுக்குப் போதும்.

தேர்வில் வராத எதையும் எங்கள் வகுப்பறைகள் நெடுநாள் சுமப்பதில்லை. எனவே கணக்குத் தாளில் உள்ளூர் அளவீட்டுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கி, ஆவணியில் இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். மழையை நம்பிய குளங்கள் அப்போது வற்றிக் கிடப்பதால், பிள்ளைகளை அச்சமின்றி உள்ளே இறக்கி அளக்கச் சொல்லலாம்.