அம்மாவின் கல்லறையில் ஒரு 7

அம்மா பிறந்தது 1941. கல்லில் 1947 என்று வெட்டியிருந்தது. போன கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்த பெரியம்மாதான் அதைக் கண்டார். "1958இல் அவளுக்குக் கல்யாணம். பதினோரு வயதிலா கட்டிக்கொடுத்தோம்?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கல்லறைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தப்பு எங்களுடையதுதான். தம்பி கல் கடையில் அம்மாவின் ஆதார் நகலைக் கொடுத்திருந்தான். ஆதார் எடுத்தபோது கையில் எந்தச் சான்றும் இல்லாததால், குத்துமதிப்பாக வயதைக் கேட்டு 01-01-1947 என்று போட்டுவிட்டார்கள். கடைக்காரர் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு "சரி" என்று பதில் போட்டேன். எண்களைப் பார்க்கவே இல்லை.

கல்லைத் தொட எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தின் கடிதம் வேண்டும். அங்கிருந்த எழுத்தர் ஆதாரைக் கேட்டு வாங்கினார், பார்த்தார், திருப்பித் தந்தார். "இதில் உள்ளதுதானே கல்லிலும் இருக்கிறது? பிறகென்ன திருத்தம்?" என்றார். பெரியம்மாவை அழைத்து வரவா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ஞானஸ்நானச் சான்று கொண்டுவரச் சொன்னார்.

அம்மாவின் ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய் இறங்கினால், அந்த ஊர்த் தேவாலயத்தின் சாமியார் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பதிவேட்டு பீரோவின் சாவியும் அவரோடு போயிருந்தது. அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் பூட்டிய பீரோவைக் காட்டி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார். தயவுசெய்து போன் செய்துவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இனிதான் கல்லின் கதை. "1ஐ 7 ஆக்கச் சொன்னால் ஒரு கோடு இழுத்து முடித்துவிடுவேன். 7ஐ 1 ஆக்க என்னால் ஆகாது" என்றார் கல்தச்சர். பசையில் கல்தூளைக் குழைத்து அடைக்கலாமே என்றேன். பேசாமல் இன்னொரு கல்லறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்: நிழலில் ஒன்றும் தெரியவில்லை, வெயில் பட்ட இடத்தில் சாம்பல் நிறத் தழும்பு. அந்த ஓர் எண்ணை மட்டும் இழைத்தால் பளபளப்பான முகத்தில் குழி விழும். ஆகவே எழுத்தின் ஆழம் போகும்வரை முகம் முழுவதையும் இழைத்து, தண்ணீர் ஊற்றிப் பாலிஷ் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக வெட்ட வேண்டும். கூலி, புதுக் கல்லின் விலையில் பாதி. சிமெண்டிலிருந்து பெயர்த்தபோது கீழ் மூலை ஒன்று சிதைந்தது. அதை மண்ணுக்குள் மறைத்துவிட்டார்கள். அக்டோபரில் எல்லோரும் கல் கடையில்தான் நிற்பார்கள். ஆகஸ்டிலேயே போய்விடுங்கள்.

இந்த முறை மாதிரியை முழு அளவில் தாளில் எடுத்து, கல்லின் மேல் ஒட்டச் சொன்னேன். பெரியம்மா விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். தம்பி தலைகீழாக நின்று படித்தான்.

கல்லை நட்டு முடித்த பிறகு பார்த்தால், அம்மாள் என்பதில் 'ம்' தலையில் புள்ளி இல்லை. எழுத்து வெட்டக் கல்லில் ஒட்டிய ஸ்டென்சில் தாளில் எழுத்துகளை உரிக்கும்போது அந்தப் பொட்டு மட்டும் பிரியாமல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு, அந்த இடம் வெட்டுப்படாமல் போய்விட்டதாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல்தச்சர் பையிலிருந்து சிற்றுளியை எடுத்தார், டொக் டொக்கென்று நாலு தட்டுத் தட்டினார், ஊதினார். எந்த அலுவலகக் கடிதமும் கேட்கவில்லை.