மருமகனுக்கு மாதம் நாலாயிரம்: எட்டு மாத அலைச்சல்

அக்கா வீட்டுக்காரர் தவறி ஒரு வருடம் கழித்துத்தான் இப்படி ஒரு உதவி இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. மருமகனின், அதாவது அக்கா மகனின், டீச்சர் சொன்னார். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவுத் திட்டம். அப்பா இல்லாமல் அம்மா ஒருத்தியே வளர்க்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்; கிடைத்தால் மாதம் 4,000 ரூபாய். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும்.

இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, படிப்புச் சான்று எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டது வருமானச் சான்றில். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். வந்த சான்றில் ஆண்டு வருமானம் 84,000. உச்சவரம்போ கிராமத்துக்கு 72,000, நகரத்துக்கு 96,000. அக்கா இருப்பது ஊராட்சி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகராட்சி. அங்கே குடியிருந்தால் இதே சான்று செல்லும்!

பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறவள் அக்கா. பீஸ் கணக்கில் கூலி, மாதம் ஐயாயிரத்தைத் தாண்டியதே இல்லை. 84,000 எங்கிருந்து வந்தது என்று சான்று கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, "பொதுவா அப்படித்தாங்க போடுறது" என்றார்கள். கோபம்தான் வந்தது. ஆனால் கத்திப் பயனில்லை. கூலிச் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு போய் மறுபடி விண்ணப்பித்தோம். இரண்டு மாதம் அதிலேயே போனது. அப்புறம் ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளியில் இரண்டு. அதற்கு ஒரு மாதம். அடுத்து பையன் பெயரில் பாஸ்புக்குக்கு அலைந்தோம்; அதை முதலிலேயே எடுத்திருந்தால் அந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.

பிறகு மனுவை விசாரிக்க, வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகப் போன் வந்தது. அக்காவுக்குப் பதற்றம். "தம்பி, டிவியத் தூக்கி உள்ள வச்சிரட்டுமா? வசதியான வீடுன்னு எழுதிட்டா?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். வந்த பெண் டிவியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் இதேதான்க்கா, கவர்மென்ட் கொடுத்தது." அரை மணி நேரம் அக்காவிடம் பேசிவிட்டு, பையனிடம் மட்டும் தனியாகக் கேட்டார்: வேலைக்கு எங்கேயாவது போகிறாயா? லீவு நாளில் அம்மாவோடு கம்பெனிக்குப் போவேன் என்று சொல்லிவிட்டான். அக்காவுக்கு முகம் செத்துப்போனது. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மனுக்களைப் பார்க்கும் மாவட்டக் குழு ஒப்புதல் கொடுத்தது. எட்டாவது மாதம் பணம் ஏறியது. பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது லேசாகக் காய்ச்சல் என்றாலும் லீவு லெட்டர் எழுதச் சொல்லி அக்கா எனக்குத்தான் போன் போடுகிறாள்.