ஒரு மில்லிகிராமில் எடுத்த ஃபாரட்

மின்னூட்டத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் கிராமுக்கு 500, 1,000 ஃபாரட் (மின்தேக்கு திறனின் அலகு) என்று பார்த்தால் முதலில் தேட வேண்டியது, மின்முனையில் எத்தனை மில்லிகிராம் பொருள் இருந்தது என்பதை. இத்துறை ஆய்வாளர்களான யூரி கோகோட்சியும் பட்ரீஸ் சிமோனும் 2011-இல் சைன்ஸ் இதழில் இதைத்தான் வலியுறுத்தினார்கள். விற்பனைக்கு வரும் மின்முனையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மி.கி. கரி இருக்கும். மெல்லிய பூச்சில் கிடைத்த எண் அதற்குச் செல்லாது.

கரி மின்முனைக்கு வழக்கமான அளவு: 80 மி.கி. ஆக்டிவேட்டட் கார்பன், 10 மி.கி. அசிட்டிலின் பிளாக் (மின்சாரம் கடத்தும் கரித்தூள்), 10 மி.கி. பிவிடிஎஃப் (பொடிகளை ஒட்டவைக்கும் பாலிமர்). பிவிடிஎஃப்பை முதலில் என்எம்பி என்ற கரைப்பானில் முழுக்கக் கரைத்துவிடுங்கள். பொடிகளோடு சேர்த்துக் கொட்டினால் கட்டி தட்டும், காய்ந்தபின் கரி உதிரும். பொடிகளை அகேட் கல்வத்தில் நன்றாக அரைத்து, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, நிக்கல் ஃபோமில் (மின்சாரத்தை வெளியே எடுக்கும், துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) பூசி உலர்த்த வேண்டும். என்எம்பியின் கொதிநிலை 202 டிகிரி. 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் போகாது, வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க இருக்கட்டும். தங்கிவிட்ட கரைப்பானும் தராசில் கரியாகத்தான் கணக்காகும்.

அதிகம் கோட்டை விடுவது எடையில்தான். 1 செ.மீ. சதுர நிக்கல் ஃபோமே 35 மி.கி. அளவில் இருக்கும். அதன்மேல் 1 மி.கி. பூசி, நான்கு தசமத் தராசில் (0.1 மி.கி. வரை காட்டுவது) நிறுத்தால், கடைசி இலக்கம் ஒன்று நழுவினாலே 10 சதவீதப் பிழை. முன்னும் பின்னும் இரண்டு முறை நிறுக்கிறோம் என்பதால் அது கூடவும் செய்யும். அமிலத்தில் கழுவி உலர்த்திய பிறகே ஃபோமை முதல் முறை நிறுக்க வேண்டும். பூசிய பொருள் 5 மி.கி.க்குக் குறைந்தால் ஐந்து தசமத் தராசு இல்லாமல் அளக்காதீர்கள்.

மின்பகுளியான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் ஃபோம் சும்மா இருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் உண்டாகும் நிக்கல் ஹைட்ராக்சைடு, மெர்க்குரி ஆக்சைடு ஒப்பு மின்முனைக்கு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பது) எதிராக 0 முதல் 0.5 வோல்ட் வரையிலான நேர்ப்பக்கத்தில் தானே மின்னூட்டம் தரும். பொருள் குறைவாக இருந்தால் அந்தப் பங்கு பெரிதாகத் தெரியும். வெறும் ஃபோமை அதே வரம்பில் ஓட்டி, அதே வரைபடத்தில் காட்டுவது கட்டாயம். ஹைட்ரோதெர்மல் முறையில் (மூடிய கலத்தில், சூடான நீர்க்கரைசலில்) பொருளை ஃபோம்மேலேயே வளர்த்தால் இன்னும் சிக்கல்: ஃபோமும் அரிபடும், எடை வித்தியாசம் படிந்த பொருளை மட்டும் காட்டாது.

ஒரு மின்முனையை மட்டும் சோதிக்கும் மூன்று மின்முனை அளவீட்டில் கிராமுக்கு 200 ஃபாரட் காட்டும் கரி, இரு பக்கமும் அதே கரி உள்ள சமச்சீர் செல்லில் இரு மின்முனைகளின் மொத்த எடையில் கிராமுக்கு 50 ஃபாரட்தான் தரும். எந்த எண் என்று எழுதாத கட்டுரையை ஒப்பீட்டு அட்டவணையில் சேர்க்கவே கூடாது. நிக்கல், கோபால்ட் ஹைட்ராக்சைடுகளின் டிஸ்சார்ஜ் வளைவு நேர்கோடாக இறங்காமல் ஓரிடத்தில் தட்டையாக நின்றால் அது பேட்டரி நடத்தை. அங்கே ஃபாரட் பொருந்தாது, கிராமுக்கு எத்தனை கூலூம் (மின்னூட்டத்தின் அலகு) என்று எழுதுங்கள்.